இரு, போர்கா

நாதஷ்கேர், 9 டிசம்பர் 1956

அன்புள்ள போல்டி,

உன் அட்டை புதன்கிழமை வந்தது. உயிரோடு இருக்கிறாய். அதைப் படித்துவிட்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதேன், பிறகு எழுந்து வாத்துக்குத் தீனி வைத்தேன். நான் சுகம். இருமல் போய்விட்டது. உன் கால் எப்படி இருக்கிறது? எல்லைக் கால்வாயைப் பாலத்தில் கடந்தாயா, தண்ணீரில் இறங்கிக் கடந்தாயா என்று நீ எழுதவில்லை. எழுதவும் வேண்டாம். இதை வழியில் திறந்து படிக்கிறவருக்கும் என் வணக்கம். அவர் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருக்கட்டும்.

வெண்டெல் வந்து உன் இரண்டு துப்பாக்கிகளையும் எடுத்துப் போனான். அக்டோபர் கலவரத்துக்குப் பிறகு ஊரில் எல்லார் துப்பாக்கியும் போயிற்று. உன்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், போலீஸ் தொப்பியோடு என் சமையலறையில் ரசீது எழுதினான். கடைசிவரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது உன் சிவப்பு மகளைப் பற்றி. அன்றைக்கு விடியற்காலைப் பனியில் வெளிவாசலில் நின்று நீ சொன்னாய், "இரு, போர்கா." பிறகு என்னைப் பார்த்து, "நீயும் இரு, எதெல். பதினஞ்சு நாள்." இன்றோடு பதினாறு நாள். நான் எழுந்து நடமாடுகிறேன். அவள் அதே வாசலில் படுத்திருக்கிறாள். முகத்தைப் பாலம் இருக்கும் திசைக்கு வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். மூன்று நாள் எதையும் தொடவில்லை. பிறகு ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் கொஞ்சம் நக்கினாள். உன் அட்டையை மூக்கின் முன்னால் நீட்டினேன். வெகுநேரம் மோந்தாள். அதன் மேலேயே தாடையை வைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டாள்.

இந்த நாயை வாங்கிய நாளிலிருந்து எனக்குப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். என் கட்டிலில் என் இடத்தில் படுப்பவளை எனக்கு எப்படிப் பிடிக்கும்? ஆனாலும் பார்க்கப் பொறுக்கவில்லை. அவளை எப்படி எழுப்புவது? எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளிச் சட்டையைத் தோய்த்து ஈரத்தோடு போடாதே.

உன் எதெல்

---

ஆஸ்திரியா, அகதி முகாம், 22 டிசம்பர் 1956

என் அன்பு எதெல்,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும். இரண்டு கால்விரல்கள் கறுத்துப்போய் இப்போது தேறிவருகின்றன. நாற்பது பேர் ஒரே அறையில் படுக்கிறோம். பால்பொடி, சூப், சில நாள் ஆரஞ்சுகூடக் கொடுக்கிறார்கள். உன் கடிதத்தைப் பக்கத்துப் படுக்கைக்காரனுக்கும் படித்துக் காட்டினேன். நாய் கட்டிலில் படுக்கிற இடம் வந்ததும் சிரித்தான்.

போர்காவைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது: அவள் உடம்பில் உள்மயிர் கிடையாது. ரொட்டி மேல்தோல் நிறத்தில் பளபளப்பாக இருக்கிறாளே, அவ்வளவுதான் அவளுக்குச் சட்டை. இருட்டும்போது உள்ளே தூக்கிக்கொண்டு வந்துவிடு. அடுப்புக்கு அருகில் படுக்க வை. சோளக்கூழில் வாத்துக் கொழுப்புப் பொரியலைக் கொஞ்சம் கலந்து கொடு. காதுக்குள் வாரம் ஒருமுறை பார். எதற்காகவும் அதட்டாதே. விஜ்லா ஜாதி நாயை அதட்டினால் ஒரு வாரம் மனம் உடைந்து கிடக்கும், அடித்தால் ஆயுள் முழுக்க மறக்காது. மற்ற நாய் வேலைக்காக உன்னோடு இருக்கும். இந்த ஜாதி உன்னோடு இருப்பதற்காக வேலை செய்யும்.

எழுப்புவது எப்படி என்று கேட்டாய். நான் 'இரு' என்று சொன்ன நாயைத் தூரத்திலிருந்து ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டுப் பழக்கினால், அடுத்த முறை 'இரு' என்றதும் எப்போது கூப்பிடுவான், எப்போது கூப்பிடுவான் என்று உள்ளுக்குள் பதறிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். சொன்னவனே திரும்பி நடந்து போக வேண்டும். தலையில் கையை வைக்க வேண்டும். பிறகுதான் 'விடுதலை' என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் இவளைப் பழக்கினேன். இப்போதைக்கு நீ முயன்று பார். தலையில் கை வை, வார்த்தையைத் தெளிவாக, சத்தமாகச் சொல். முணுமுணுத்தால் கேட்க மாட்டாள்.

வசந்தத்துக்குள் ஒரு வழி பிறக்கும். கர்த்தர் பிறந்தநாளுக்கு உனக்கு என் முத்தங்கள்.

உன் போல்டி

---

நாதஷ்கேர், 14 ஜனவரி 1957

அன்புள்ள போல்டி,

கால்விரல் தேறியதா? நான் சுகம். பன்றி அறுத்தோம், தொத்திறைச்சி புகையில் தொங்குகிறது, தின்ன ஆள்தான் இல்லை.

உன் யோசனையால் நான் சிறைக்குப் போகப் பார்த்த கதையைக் கேள். புதன்கிழமை காலை வாசலுக்குப் போனேன். தலையில் கை வைத்தேன். தெளிவாக, சத்தமாக, நீ சொன்னபடியே சொன்னேன்: "விடுதலை!" காது மட்டும் அசைந்தது. இன்னும் சத்தமாகச் சொன்னேன். மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. நான் எந்த வருஷத்தில், எந்த நாட்டில், நடுத்தெருவில் நின்று என்ன வார்த்தையைக் கத்துகிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்மைத் தவிர எந்த முட்டாளுக்கு இப்படி வாய்க்கும்?

வெண்டெல் சைக்கிளில் பறந்து வந்தான்.

"எதெல்கா, பைத்தியம் புடிச்சிருச்சா? என்ன கத்துற?"

"நாய எழுப்புறேன்."

"நாய் பேரு விடுதலையா?"

"நாய் பேரு போர்கா. அவளுக்குத்தான் விடுதலை குடுக்குறேன்."

"அதெல்லாம் நீ குடுக்க முடியாது!" என்றான். சொன்ன பிறகு தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, "வேற வார்த்த இல்லியா?" என்றான்.

"போல்டி வச்சது இந்த வார்த்ததான். அவளுக்கு வேற தெரியாது."

"அவன் நம்மள நிம்மதியா இருக்கவே விடமாட்டான்," என்று சொல்லி நோட்டை எடுத்து 'நாய்ப் பயிற்சி' என்று எழுதிக்கொண்டான். போகும்போது குனிந்து போர்காவின் காதைத் தடவினான். அவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை. இதைத் திறந்து படிக்கிறவரும் கவனிக்க, இது நாய்ப் பயிற்சிச் சொல்.

வைக்கோல் பெட்டி ஒன்றை வாசலிலேயே வைத்துவிட்டேன். இருட்டியதும் தூக்கி வருகிறேன். காலையில் கதவைத் திறந்தால் நேரே அங்கேதான் போகிறாள். பின்பக்கம் தோட்டத்துக்கு வருவாள், அதற்கு அப்பால் நாணல் வரைக்கும்கூட என்னோடு வருவாள். முன்வாசலை மட்டும் தாண்ட மாட்டாள்.

போன வெள்ளிக்கிழமை எல்லைப் பக்கம் சுட்டார்கள். நான்கு வெடி. போர்கா சட்டென்று தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள். சுட்டால் பறவை விழும் என்றுதானே அவளுக்குத் தெரியும்? எது எங்கே விழுகிறது என்று வெகுநேரம் தேடினாள். நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

வசந்தம் என்று எழுதியிருந்தாய். எந்த மாதத்தைச் சொன்னாய்?

உன் எதெல்

---

ஆஸ்திரியா, 3 பிப்ரவரி 1957

என் அன்பு எதெல்,

விரல்கள் தேறிவிட்டன. உன் நலம் அறிய எப்போதும் ஆவலாக இருக்கிறேன். வெண்டெல் கதையைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

கனடாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கப்பல் இந்த மாதக் கடைசியில். இங்கே முகாமில் மனிதன் மரத்துப்போகிறான். அங்கே காடு இருக்கிறது, மர அறுவை ஆலைகள் இருக்கின்றன. காலூன்றியதும் உனக்குக் காகிதங்கள் அனுப்புகிறேன். முகவரியை அடியில் எழுதியிருக்கிறேன், அங்கேயே எழுது. இன்னும் கொஞ்சநாள் இரு.

போர்காவைச் சும்மா இருக்க விடாதே. வேலை இல்லாத விஜ்லா முதலில் வீட்டுச் சாமானைத் தின்னும், பிறகு தன்னையே தின்னும். கொட்டகையில் ஒரு காடைச் சிறகு ஆணியில் தொங்குகிறது. தூண்டில் கம்பு நுனியில் அதைக் கட்டிப் புல்லில் இழு. பாய்ந்து பிடிக்க வந்தால் மேலே தூக்கிவிடு. ஒருபோதும் அவள் வாயில் சிக்கக் கூடாது. பிடிக்க முடியாது என்று புரியும்போது நின்று பார்ப்பாள். இரை இருக்குமிடத்தைக் காட்ட ஒரு முன்காலைத் தூக்கி, வாலை நீட்டி உறைவாள். அப்போது நீயும் அசையாதே. பத்து எண்ணு. மெல்லப் புகழ். பிறகு வைக்கோலை முயல்தோலில் சுற்றி எறிந்து கொண்டுவரச் சொல். உன் கைக்குத் தரும் வரை நீ பிடுங்கக் கூடாது. நாளுக்குப் பத்து கிலோமீட்டராவது அவள் ஓட வேண்டும். நீ சைக்கிளில் போ, கரையோரம் அவள் வருவாள்.

துப்பாக்கி இல்லையே என்று யோசிக்காதே. அவளுக்குத் தேவை துப்பாக்கி இல்லை, யாராவது ஒருவர்.

முத்தங்களுடன்,
உன் போல்டி

---

நாதஷ்கேர், 24 பிப்ரவரி 1957

அன்புள்ள போல்டி,

கப்பலில் உனக்குக் குமட்டாமல் இருக்கட்டும். நான் சுகம். முழங்காலில் மட்டும் காயம், அதற்குக் காரணம் நீயும் உன் காடைச் சிறகும்.

முதல் நாள் அவள் சிறகைப் பிடித்து, தின்று, என் காலடியிலேயே வாந்தி எடுத்தாள். மன்னிப்புக் கேட்பதுபோல் என் முழங்காலில் தலையை இடித்தாள். எனக்குக் கோபம் வந்தது, அதட்டவில்லை. அடுத்து வாத்துச் சிறகைக் கட்டினேன். ஆறாம் நாள் நின்றாள். போல்டி, இதை நீ எத்தனையோ தடவை பார்த்திருப்பாய், எனக்கு இதுதான் முதல். மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரே கோடு. தூக்கிய காலில் பனித்தண்ணீர் சொட்டிற்று. நான் பத்து எண்ண மறந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினான்கு வருஷமாக இந்தப் பயலுக்கு அந்தச் சேற்றில் என்ன கிடைக்கிறது என்று உன்னைத் திட்டியிருக்கிறேன். அந்தத் திட்டில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நேற்றுக் கோழிக்கூட்டிலிருந்து ஒரு முட்டையை வாயில் எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு கீறல் இல்லை.

ஊர்ச் செய்தி: ஊராட்சி மன்றக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். வெளியே போனவர்கள் மார்ச் 31க்குள் தாங்களாகத் திரும்பினால் கேள்வி கேட்க மாட்டார்களாம். கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதை எவ்வளவு நம்பலாம் என்று எனக்குத் தெரியாது, அதனால் நீ வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. தெரிந்த செய்தியை எழுதுகிறேன். போர்கா இப்போதும் சாயங்காலமானால் வாசலில்தான்.

உன் எதெல்

---

ஒன்டாரியோ, கனடா, 2 மே 1957

என் அன்பு எதெல்,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? உன் பிப்ரவரிக் கடிதம் கப்பலைத் துரத்தி வந்து ஏப்ரல் நடுவில்தான் கிடைத்தது. தபால் அப்படி.

ஆலையில் வேலை. நாள் முழுக்க ரம்பத்தின் சத்தம், ராத்திரி படுத்தாலும் காதில் அதே ஓடுகிறது. ஒரு ஸ்லோவாக் விதவையின் வீட்டில் மாடி அறை எடுத்திருக்கிறேன். நம் மொழி கொஞ்சம் பேசுகிறாள். முட்டைக்கோஸ் சூப் வைக்கிறாள், நம் ஊர்ச் சுவை, சீரகம்கூடப் போடுகிறாள். அதைக் குடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இங்கத்து ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கிறது.

இங்கேயும் வேட்டை நாய்கள் இருக்கின்றன, பெரிய, முரட்டு நாய்கள். ஒன்றும் மனிதனின் கண்ணைப் பார்ப்பதில்லை.

போர்கா நின்றதை நீ எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அடுத்து தண்ணீர். கோடை வந்ததும் நாணல் குட்டையில் இறக்கு. தள்ளாதே. முதலில் நீ இறங்கு.

காகிதங்களைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் போல்டி

---

நாதஷ்கேர், 9 ஜூன் 1957

அன்புள்ள போல்டி,

நீ நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. உன் கடிதத்தை மோந்துவிட்டுப் போர்கா வழக்கம்போல அதன் மேல் படுத்தாள். எனக்கும் படிக்கத் தரவேண்டுமே என்று கெஞ்சி வாங்கினேன்.

தபாலைப் பற்றி எழுதியிருந்தாய். ஆமாம், தபால் அப்படித்தான்.

முதலில் நீ இறங்கு என்றாயே, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். அவள் கரையில் அலறினாள், நான் முழுகப்போகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு பாய்ந்து நீந்தி வந்து என் ஜாக்கெட் கையைப் பற்களால் மெல்லப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள். முட்டையைப் பிடித்த அதே பிடி. நான் சேற்றில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டேன்.

அதை நாணலுக்குப் பின்னாலிருந்து ஒருவர் பார்த்துவிட்டார். ஜிக்மோந்த் என்று பெயர், கால்நடை மருத்துவர், அரசு நாய்ப் பண்ணையை நடத்துகிறவர். போரில் அழிந்தது போக மிஞ்சிய விஜ்லாக்களைத் தேடி ஊர் ஊராகப் போகிறாராம். ஈரப் பாவாடையோடு நான் நிற்க, தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

"இத யாரும்மா பழக்குனது?"

"என் வீட்டுக்காரர். பாதி வரைக்கும்."

"மீதி?"

"மீதி நானு."

"இந்த மாதிரி நசுக்காம கவ்வுற வாய் நான் பாத்து பத்து வருஷம் ஆச்சு," என்றார். அவளுக்குக் குட்டி எடுக்க வேண்டுமாம். என்னையும் வரச் சொல்கிறார். குட்டிகளைப் பழக்கும் வேலை, தங்குவதற்கு ஓர் அறை. எனக்கு, போல்டி! நாயைப் பிடிக்காத எனக்கு!

போன வாரம் லாரி கொண்டுவந்தார். போர்காவை ஏற்றினோம். வாசலைத் தாண்டும் முன்பே குதித்து, கால் மடங்கி விழுந்து, எழுந்து, அவள் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். உடம்பெல்லாம் நடுக்கம். ஜிக்மோந்த் ஐயா அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "கட்டி இழுத்துட்டுப் போனா ஏதோ ஒரு நாய் வரும், ஆனா இந்த நாய் வராது," என்றார். அக்டோபர் கடைசி வரை அந்த இடத்தை எனக்காக வைத்திருப்பாராம்.

எனக்கும் யோசனைதான். பண்ணைக்குப் போனால் இந்த வீட்டைப் பூட்ட வேண்டும். நீ திரும்பி வந்தால் பூட்டிய வீட்டையா பார்ப்பாய்?

காகிதம் என்ன ஆயிற்று?

உன் எதெல்

---

ஒன்டாரியோ, 21 ஜூலை 1957

அன்பு எதெல்,

நலம். உன் நலம் அறிய ஆவல். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

போர்காவின் காலை யாரிடமாவது காட்டு. வீக்கம் இருந்தால் குளிர்ந்த களிமண் பற்று போடு. வெயில் நேரத்தில் ஓடவிடாதே. குட்டி எடுப்பதானால் மூன்று வயதுக்கு மேல் நல்லது. பண்ணையைப் பற்றி நீயே யோசித்து முடிவெடு. நல்ல மனிதராகத் தெரிகிறார்.

இங்கே மழை இல்லை. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

போல்டி

---

நாதஷ்கேர், 25 ஆகஸ்ட் 1957

அன்புள்ள போல்டி,

நான் சுகம். போர்காவின் கால் ஆறிவிட்டது. நீ நலம் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன்.

உன் ஜூலைக் கடிதம் வந்த அன்று நடந்ததை எழுத வேண்டும். எழுதாமல் விட்டுவிடலாம் என்று மூன்று வாரம் யோசித்தேன். உறை மேல் இருந்த எழுத்து உன்னுடையதில்லை. வட்ட வட்டமான, அழகான எழுத்து. சரி, தபால் நிலையத்தில் யாரோ எழுதித் தந்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டேன். வழக்கம்போல் போர்காவின் மூக்கின் முன்னால் நீட்டினேன். அவள் அதன் மேல் படுக்கவில்லை, போல்டி. ஓர் அடி பின்வாங்கினாள். கழுத்தை நீட்டினாள். பிறகு முன்காலைத் தூக்கி, வாலை நீட்டி உறைந்து நின்றாள். புல்லுக்குள் என்னவோ இருக்கிறது, தனக்குத் தெரிந்தது இல்லை என்று சொல்வாளே, அந்த நிற்பு. நான் பத்து எண்ணினேன். இருபதும் எண்ணினேன். அவள் அசையவில்லை.

பிறகு உறையை நானும் மோந்து பார்த்தேன். நமக்கு என்ன மூக்கு இருக்கிறது? எனக்குக் கொஞ்சம் சீரக வாசனை வந்தது. மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

மே மாதக் கடிதத்தில் முட்டைக்கோஸ் சூப்பைப் பற்றி நாலு வரி எழுதினாய். ஜூலையில் சூப்பைக் காணோம், ரொட்டியைக் காணோம், நீ என்ன சாப்பிடுகிறாய் என்றே காணோம். மனுஷன் சாப்பிடாமலா இருக்கிறான்?

நான் எதையும் கேட்கவில்லை. அழுது முடித்துவிட்டேன், அதனால் இந்தக் காகிதத்தில் கறை இருக்காது. கோபமும் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். தோட்டத்தில் நீ வைத்த பிளம் மரத்தை வெட்டப் போனேன், அது நல்ல காய் காய்த்திருந்தது, விட்டுவிட்டேன்.

கேட்பது ஒன்றுதான். தூரத்திலிருந்து கூப்பிடக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீ. நான் உன்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. ஒன்பது மாதமாக வாசலில் படுத்திருக்கிற அவளை விடச் சொல்கிறேன். நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள். 'இரு' என்று சொன்னது நானில்லையே. அக்டோபர் கடைசி வரைதான் ஜிக்மோந்த் ஐயா இடம் வைத்திருப்பார். ஒரு வழி சொல்.

எதெல்

---

ஒன்டாரியோ, 22 செப்டம்பர் 1957

எதெல்,

நீ சுகமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

போர்காவின் மூக்கு பொய் சொல்லாது. அந்த மூக்கை நம்பித்தான் நான் இத்தனை வருஷம் வேட்டையாடினேன். அதற்கு மேல் எழுத என் கை வரவில்லை. நீ கேட்காமல் விட்டதற்கு எப்படி நன்றி சொல்வது, எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை, அதனால் இரண்டையும் செய்யவில்லை.

நான் திரும்பி வரமாட்டேன். அறிவிப்பைப் பற்றி நீ எழுதிய கடிதம் மார்ச் மாதமே என் கைக்கு வந்துவிட்டது. ஏப்ரல் என்று பொய் எழுதினேன். பயந்தேன். பயம் போன பிறகு வெட்கமாக இருந்தது, அது இன்னும் போகவில்லை.

இத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் வரும். அன்று விடியற்காலை நான் போட்டிருந்த தோல் கையுறை, வலது கை. 'இரு' என்று சொன்னபோது அவள் தலையில் இருந்தது இதுதான். முகாமிலும் கப்பலிலும் போட்டேன். இந்த வீட்டுக்கு வந்த பிறகு போடவில்லை, பெட்டிக்குள்ளேயே கிடந்தது. மெழுகுத்தாளில் நானே சுற்றினேன், வேறு யாரும் தொடவில்லை. நீயும் வெறும் கையால் வெளிப்பக்கத்தைத் தொடாதே. பிரித்ததும் நேரே கையை உள்ளே விட்டுக்கொள். வாசலுக்குப் போ. அவளை நன்றாக மோந்து பார்க்கவிடு, அவசரப்படாதே. உச்சியில் கையை வை. பிறகு சொல்.

நாய்க்கு இது போதுமா என்று எனக்கே சந்தேகம்தான். நடந்து வந்து தொட வேண்டியவன் நான்.

போல்டிஜார்

---

நாதஷ்கேர், 3 நவம்பர் 1957

போல்டி,

நான் சுகம். உன் கையுறை வர வெகுநாள் ஆயிற்று. பொட்டலம் புதன்கிழமை வந்து சேர்ந்தது, எல்லைச் சாவடியில் பிரித்துப் பார்க்கவில்லை, முத்திரை அப்படியே இருந்தது. ஒற்றைக் கையுறையை யார் திருடுவார்கள்? ஜிக்மோந்த் ஐயாவுக்குத் தந்தி கொடுத்தேன், திங்கள் வரை பொறுப்பதாகப் பதில் போட்டார். நேற்று முன்தினம் கல்லறைக்குப் போய் உன் அப்பா அம்மாவுக்குச் செவ்வந்தி வைத்தேன். இனி யார் வைப்பார்கள் என்று தெரியாததால் கொஞ்சம் அதிகமாகவே வைத்தேன்.

இன்றைக்கு வேட்டைக்காரர்களின் புனிதர் நாள். துப்பாக்கி இல்லாத ஊரில் சாமிக்கு என்ன வேலையோ. காலையில் பனி, நீ போன அன்று இருந்த அதே பனி. நீ எழுதியபடியே கையை உள்ளே விட்டுக்கொண்டேன். என் விரல் உன் விரல் இருந்த இடம்வரை எட்டவில்லை.

வாசலில் அவள் பக்கத்தில் மண்டியிட்டு நீட்டினேன். முதலில் சும்மா பார்த்தாள். பிறகு மூக்கு துடித்தது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை ஒவ்வோர் அங்குலமாக மோந்தாள். உதடு நடுங்கிற்று, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, அதை நான் எழுதமாட்டேன். பாலத்துப் பக்கம் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. என்னைப் பார்த்தாள். நான் அவள் உச்சியில் கையை வைத்தேன். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன்.

"விடுதலை, போர்கா."

எழுந்தாள், போல்டி. காதிலிருந்து வால்வரை ஓர் உதறு உதறினாள், தண்ணீரிலிருந்து ஏறியதும் உதறுவாளே, அப்படி. ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தாள். அப்புறம் மற்றதை வைத்தாள். பிறகு பாப்ளார் மரங்கள்வரை ஒரே ஓட்டம். திரும்பி வந்து என்னைச் சுற்றினாள், மறுபடி ஓடினாள். பதினோரு மாதம் படுத்திருந்த கால்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நான் மண்டியிட்ட இடத்திலேயே இருந்தேன். அப்புறம் அந்தக் கையை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டேன். கனமாக இருந்தது. அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டேன். அந்த வார்த்தையை மறுபடி சொன்னேன். இந்தத் தடவை சத்தமாகவே சொன்னேன்.

கண்ணைத் திறந்தால் வெண்டெல் ரோட்டில் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ.

"நாய்தான் போயிருச்சே, எதெல்கா. இப்ப யாருக்கு?"

"எனக்கு."

அவன் நோட்டை எடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றான். "இன்னொரு தரம் வேணும்னா சொல்லிக்கோ. ரோட்ல யாரும் இல்ல."

நாளைக் காலை லாரி வருகிறது. வீட்டுச் சாவி வெண்டெலிடம். பிளம் ஜாம் பன்னிரண்டு ஜாடி பரணில் இருக்கிறது, அதையும் அவனையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பண்ணையில் குட்டிகளுக்கு முதல் பாடம் எதுவென்று ஜிக்மோந்த் ஐயா கேட்டார். 'இரு' என்று சொல்வதற்கு முன்னால் திரும்பி வருவோமா என்று சொல்கிறவர் யோசிக்க வேண்டும், அதுதான் முதல் பாடம் என்றேன். அது குட்டிகளுக்கு இல்லையேம்மா என்றார்.

கையுறையை உனக்குத் திருப்பி அனுப்பவில்லை. போர்கா அதை வாயில் எடுத்துக்கொண்டு திரிகிறாள், மெல்லவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. கேட்டால் என் கையில் வைத்துவிடுவாள். நான்தான் இன்னும் கேட்கவில்லை.

சூப்பைச் சூடாகக் குடி. கால்விரல்களைப் பனியில் காட்டாதே. நீ அங்கேயே இரு, போல்டி. நன்றாக இரு.

எதெல்கா